தென்முனைக் கடலும் தீராத வினாவும்

மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடிவிட்டால், சவளக்கடையிலிருந்து கல்முனைக்குச் செல்வதே எமக்குப் பெரும் பயணமாகிவிடும். இத்தகைய ஊரிற் பிறந்த மாணவர் ஒருவருக்குத் தென்முனைக் கடலைப் பற்றி எழுத என்ன உரித்துண்டு எனச் சிலர் வினவலாம். ஆனால், நம் நாட்டின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையிலிருந்து நேர் தெற்கே செல்லும் கப்பல், அந்தாட்டிக்காவை அடையும்வரை வேறு நிலம் எதனையும் காணாது. அவ்வகையில் அப்பனிக்கண்டம் நமக்கு அயல்வீடே எனலாம்.

அயல்வீடாயினும், அதன் அலுவல்களில் ஆசியரின் குரல் நெடுங்காலம் ஒலிக்கவில்லை. 1956இல் இந்தியா அந்தாட்டிக்கா பற்றிய விடயத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் நிகழ்ச்சிநிரலிற் சேர்க்குமாறு கோரியது. அக்கோரிக்கையை அது பின்னர் மீளப்பெற நேர்ந்தது. 1958இல் மேற்கொண்ட முயற்சியும் பயன்தரவில்லை. 1959இல் அந்தாட்டிக் உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட 12 நாடுகளுள் ஆசியாவின் சார்பில் நின்றது யப்பான் மட்டுமே. பின்னர் சேரும் நாடுகளுள், அங்கு குறிப்பிடத்தக்க ஆய்வு நடத்துபவையே முடிவெடுப்பதிற் பங்குபெறலாம் என அவ்வுடன்படிக்கை விதித்தது. எனவே, சொல்லாற் பெறமுடியாத இடத்தை இந்தியா கப்பலாற் பெறவேண்டியதாயிற்று.

1981 டிசம்பர் 6ஆம் நாள், கலாநிதி சையத் சகூர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்னும் நோர்வே நாட்டுக் கப்பலிற் புறப்பட்டனர். அவர்கள் கடக்கவேண்டியிருந்த தென்கடல் எளிதானதன்று. தென் அகலக்கோடு 40க்கு அப்பால் காற்றை மறிக்கும் நிலம் அரிது. ஆகவே அலைகள் மலையென எழும். 'உறுமும் நாற்பதுகள்', 'சீறும் ஐம்பதுகள்' என மாலுமிகள் அப்பகுதிகளை அழைப்பர். அதற்கும் தெற்கே மிதக்கும் பனிப்பாளங்களில் பென்குயின்களும் சீல்களும் வாழ்கின்றன. கோடையில் திமிங்கிலங்கள் அங்கு இரை தேடி வருகின்றன. கிறில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரே இவ்வுயிர்த்தொகுதியின் அடிப்படை உணவு. 1982 சனவரி 9ஆம் நாள் காசிம் குழுவினர் அக்கண்டத்தின் பனிமீது கால் பதித்தனர். 1983 ஓகஸ்டில் உடன்படிக்கையில் இணைந்த இந்தியா, செப்டெம்பரிலேயே முடிவெடுக்கும் தகுதியையும் பெற்றது.

கப்பல் அனுப்ப இயலாத நாடுகளின் நிலை யாது? அந்தாட்டிக்கா மனிதகுலம் முழுவதின் நன்மைக்கும் உரிய களமாதல் வேண்டும் என்ற கருத்தை, 1975இலேயே பொதுச்சபையில் எழுப்பியவர் இலங்கையரான ஹமில்டன் சேர்லி அமரசிங்க என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1983இல் மலேசியா அவ்விடயத்தை அச்சபையின் விவாதத்திற்குக் கொணர்ந்தது. 1991இல் மட்ரிட்டிற் கையொப்பமான சூழற்பாதுகாப்பு உடன்பாடு அங்கு கனிமம் அகழ்வதைத் தடைசெய்தது. ஆயினும் முடிவெடுக்கும் அவையின் வாயில் முன்போலவே உள்ளது.

இன்று கோடைதோறும் பல்லாயிரம் உல்லாசப் பயணிகள் பென்குயின்களைக் காணக் கப்பலேறுகின்றனர். கட்டணம் செலுத்தவல்லார் அப்பனியைக் காண்கின்றனர். அது உருகினால் உயரும் கடலோ, கப்பலேறாத நம் கல்முனைக் கரையையும் வந்து தொடும். பயணம் செய்தவருக்கு மட்டுமன்றி, விளைவைச் சுமப்பவருக்கும் குரல் வேண்டாமா? அமரசிங்க எழுப்பிய வினா இன்னும் நம்முன் நிற்கின்றது.