ஆர்.சி. புக் காணோமா? இன்சூரன்சும் இல்லையா? காரை எடுக்காதீங்க!

பழைய கார் ஒன்றை குறைந்த விலைக்கு வாங்கியாச்சு. ஆர்.சி. புக் காணோம். வரி பாக்கி. இன்சூரன்சும் முடிஞ்சு போச்சு. "பக்கத்துலதானே போறோம்" என்று ஓட்டுறீங்களா? உஷார்!

இன்சூரன்ஸ் இல்லாமல் மாட்டினால் முதல் முறை ரூ.2 ஆயிரம், அடுத்த முறை ரூ.4 ஆயிரம் அபராதம். 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு. அபராதத்தைக்கூட கட்டிடலாம். யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுவதையும் சொந்தக் காசில் கொடுக்கணும். வீடு, நிலம்கூட போகலாம்.

என்ன செய்யணும்?

* ஆர்.சி. தொலைந்தது பற்றி போலீசில் புகார் கொடுத்து சான்று வாங்குங்க.

* ஆர்.டி.ஓ. ஆபீசில் 26-ம் எண் படிவம் கொடுத்தால் டூப்ளிகேட் ஆர்.சி. கிடைக்கும். பைனான்ஸ் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். வரி பாக்கியையும் கட்டிடுங்க.

* ஆர்.சி. பழைய ஓனர் பெயரில் இருந்தால் அவர்தான் டூப்ளிகேட்டுக்கு மனு கொடுக்கணும். பிறகு 29, 30-ம் எண் படிவங்களில் பெயர் மாற்றம்.

* குறைந்தபட்சம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் போட்ட பிறகே சாவியை தொடுங்க.

காரை விற்றவருக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. காசு வாங்கியதோடு வேலை முடியலை. பெயரை மாத்துற வரை விடாதீங்க!