காற்றுக்குக் காத்திருந்த மாருதம்

பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாடிக்ஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத் திறந்தவெளியில் நிற்கும் போர் விமானங்களுள் ஹெச்.எஃப்-24 என்பதை எளிதில் அடையாளம் காணலாம். கூர்ந்த மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள், நடுவே சிறுத்த இடை. ஒலியின் வேகத்தை நெருங்குகையில் எழும் காற்றுத்தடையைக் குறைக்கவே உடலை அவ்வாறு ஒடுக்கியிருக்கிறார்கள். சிற்றிடைக்கு உரையாசிரியர்கள் கூறும் காரணங்களை மட்டுமே வகுப்பில் சொல்லிப் பழகிய எனக்கு இது புதிது.

இதற்கு இட்ட பெயர் ‘மாருத்’. மருத்துகள் வேதத்தின் புயல் தேவர்கள். தமிழில் மாருதம் என்றால் காற்று. பெயரில் இருந்த காற்று விமானத்துக்குக் கடைசிவரை கிட்டவில்லை என்பதே இதன் வரலாறு.

வடிவமைத்தவர் குர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் புகழ்பெற்ற ஃபொக்கே-வுல்ஃப் 190 விமானத்தை உருவாக்கியவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1956இல் தம் குழுவினருடன் பெங்களூர் வந்தார். ஒலியைப் போல் இரு மடங்கு வேகம் என்பது இலக்கு. 1959இல் முழு அளவிலான மர மாதிரி ஒன்றை எஞ்சின் இல்லாமலே பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று உண்மையான விமானத்தை முதன்முதலாக வானில் செலுத்தியவர் சுரஞ்சன் தாஸ்.

சிக்கல் எஞ்சினில் இருந்தது. டாங்க் மனத்தில் கொண்டது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12. அந்நாடு அதற்குத் தேவையில்லை என்று ஒதுங்கியபோது, மீதி ஆய்வுச் செலவை இந்தியா ஏற்றால் முடித்துத் தருவதாகத் தயாரிப்பாளர்கள் கூறினர். நம் அரசு மறுத்தது. தலா ஏறத்தாழ 2,200 கிலோ உந்துவிசை தரும் ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தியே விமானத்தைப் படைக்கு அளிக்க நேர்ந்தது. எகிப்து உருவாக்கிவந்த எஞ்சினையும் மாருத்தில் ஏற்றிப் பறந்து பார்த்தார்கள். 1969இல் எகிப்து அத்திட்டத்தையே கைவிட்டது. உடலை நாமே செய்துகொண்டு உயிரைக் கடன் வாங்கலாம் என்று எண்ணிவிட்டோம். சிக்கனம் என்று அன்று கருதியது சிக்கனமே அன்று. 1980களில் தொடங்கிய காவேரி எஞ்சின் முயற்சியும் தேஜஸுக்கு உதவவில்லை. அது அமெரிக்க எஞ்சினுடன் பறப்பதைக் காண்கையில் இந்த எண்ணம் வலுக்கிறது.

இருந்தும் மாருத்தைத் தோல்வி என்று ஒதுக்க மனம் வரவில்லை. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைப்படைக்குத் துணையாகத் தாழப் பறந்து தாக்கியது. வான் சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஓர் எஞ்சின் பழுதான பின்னும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பியவை உண்டு. பயிற்சி விமானங்கள் உட்பட 147 கட்டப்பட்டன. 1990இல் விமானப்படை விடைகொடுத்தது.

சுரஞ்சன் தாஸ் அதுவரை இருக்கவில்லை. பின்னெரிப்பு அமைப்பின் மூலம் ஆர்ஃபியஸின் விசையைக் கூட்டும் முயற்சியாக உருவாக்கிய மாதிரியை 1970 ஜனவரி 10 அன்று பெங்களூரில் செலுத்தியபோது அது விழுந்து நொறுங்கியது. பழைய விமான நிலையச் சாலையில் வந்து சேரும் சாலை ஒன்றுக்கு அவர் பெயரை இட்டிருக்கிறார்கள்.