நாலு நொடி

பாலவனத்தத்துல எங்க வீட்டு வாசல்ல காலைல அஞ்சு மணிக்கு ஓடுற சத்தம் கேட்டா, அது என் தங்கச்சி மகன்தான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது 1.6 கிலோமீட்டர் ஓடிக் காட்டணும். அதுக்கு அருப்புக்கோட்டை ரோட்டுல பழகுறான்.

"வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லுண்ணே"ன்னு தங்கச்சி சொல்லிட்டே இருக்கா. என்னத்தச் சொல்ல? எங்களுது வானம் பாத்த கரிசக்காடு. மழை பேஞ்சா பருத்தி, மக்காச்சோளம். இல்லேன்னா வெறும் வெடிப்புதான். எந்த வருமானத்தைக் காட்டி அவனை நிறுத்துறது?

போன வாரம் வேப்ப மரத்தடியில உக்கார வச்சு, நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்றேன்.

அந்தக் கால செங்கல்பட்டு ஜில்லாவுல கீழ ஒட்டிவாக்கம்னு ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில சுபேதார். பாலம் போடுறது, பாதை போடுறது, கண்ணிவெடி எடுக்குறது இதெல்லாம் அந்தப் படையோட வேலை. அதுல இருக்குற சிப்பாய்களுக்கு 'தம்பி'ன்னே ஒரு பேரு உண்டு.

1939 செப்டம்பர்ல, நம்ம தலைவர்கள் யாரையும் கேக்காமலே இந்தியாவும் போர்ல இருக்குன்னு வைஸ்ராய் லின்லித்கோ அறிவிச்சார். போர் முடியுறதுக்குள்ள இந்தியப் படை 25 லட்சம் பேராச்சு. கட்டாய ஆள்பிடிப்பு கிடையாது, எல்லாரும் தானா சேர்ந்தவங்க. தானான்னு சொல்றோம். ஆனா மாசச் சம்பளமும் வேளைக்குச் சோறும் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கும்னு எங்க மாதிரி ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

1944 பிப்ரவரி, இத்தாலி. ரோமுக்குப் போற வழியை காசினோ மலையில ஜெர்மன்காரன் மறிச்சு நின்னான். அதுக்குக் கொஞ்சம் தெக்கே மின்யானோன்னு ஒரு ஊர். அங்க 24ஆம் தேதி சுப்பிரமணியனும் அவரோட ஆட்களும் கண்ணிவெடி தேடிட்டிருந்தாங்க. அப்போ ஒரு லான்ஸ் நாயக், வெடி மேல காலை வச்சுட்டார்.

அது சாதாரண வெடி இல்லை. மிதிச்சா உடனே வெடிக்காது. நாலு நொடி போல உள்ளுக்குள்ள எரியும். பிறகு இடுப்பு உசரத்துக்கு எகிறி, இரும்புக் குண்டுகளைச் சுத்திலும் சிதற அடிக்கும். மம்பட்டியால ரெண்டு வெட்டு வெட்டி இழுக்குற நேரம்தான் அந்த நாலு நொடி.

இது எப்படிப்பட்ட வெடின்னு சுப்பிரமணியனுக்குத் தெரியும். ஓடியிருக்கலாம். குப்புறப் படுத்திருக்கலாம். அவர் அந்த வெடி மேலயே பாஞ்சு விழுந்து, தன் உடம்பால அதை மூடினார். பக்கத்துல இருந்தவங்க பிழைச்சாங்க. அவர் செத்துப் போனார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தாங்க. எதிரியோட நேருக்கு நேர் சண்டையில இல்லாம, வேற இடத்துல காட்டுற வீரத்துக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுத்த பெரிய விருது அது.

அந்தப் போர்ல செத்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 87,000 பேர். இத்தாலியில மட்டும் 5,700க்கு மேல.

"வெள்ளைக்காரனுக்காகத்தானே செத்தாங்க?"ன்னு சிலர் கேப்பாங்க. சுதந்திரம் வந்த பிறகு இவங்க பேரை நாம பேசாமப் போனதுக்கும் இதுவே காரணம்னு நினைக்கிறேன். போர் ராஜாவோட போர்தான், அதுல பொய் இல்லை. 1942ல 'வெள்ளையனே வெளியேறு'ன்னு ஊரே கிளம்புனப்போ, இவங்க வெள்ளைக்காரன் உடுப்பைத்தான் போட்டிருந்தாங்க. ஆனா அந்த நாலு நொடியில ராஜாவை நினைக்க யாருக்கு நேரம் இருக்கு? அவர் உசிரைக் கொடுத்தது கூட நின்ன நாலு பேருக்காக. போரை யாரு ஆரம்பிச்சாங்கங்கிறது வேற கணக்கு. இது வேற கணக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து, ஒரு கிராமத்து மனுசனை மறந்துட்டோம்.

மருமகன் கொஞ்ச நேரம் பேசலை. பிறகு, "அவரு வீட்டுக்கு யாரு மாமா போய்ச் சொல்லிருப்பா?"ன்னான்.

எனக்குப் பதில் வரலை. 'போ'ன்னும் சொல்லலை, 'போகாதே'ன்னும் சொல்லலை. போறவன் தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்னுதான் நினைச்சேன்.

மறுநாள் காலைலயும் அஞ்சு மணிக்கு ஓடுற சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு வந்து பாத்தேன். தங்கச்சி அவ வீட்டு வாசல் லைட்டைப் போட்டுட்டு, அவன் போன திசையையே பாத்து நின்னுட்டிருந்தா.