குளச்சல் போரும் திருவனந்தபுரத்து ஓலைகளும்

தாய்நாட்டு எல்லைக்கு அப்பால் வாழ்கின்ற நம்மவரில் பலருக்குப் பிறந்த மண் ஓரிடத்திலும், அதற்குரிய பத்திரங்கள் வேறோரிடத்திலும் இருப்பதுண்டு. குளச்சல் போரின் கதையும் அத்தகையதே.

மார்த்தாண்டவர்மர் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டார். அவர் வடக்கே சிற்றரசுகளை ஒவ்வொன்றாக வென்று வந்தபோது, மிளகு விளையும் நிலங்களும் அவர் வசமாயின. தங்கள் வாணிபம் கைநழுவுமோ என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அஞ்சினர். அவர்களது படை குளச்சற் கடற்கரையில் இறங்கியது. தலைநகராகிய பத்மநாபபுரம் அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அப்படை தோல்வியுற்றது. 1753ஆம் ஆண்டு மாவேலிக்கரை உடன்படிக்கையால் டச்சுக்காரர் திருவிதாங்கூருடன் சமாதானம் செய்துகொண்டனர்.

சிறைப்பட்டவர்களுள் டி லனாய் என்னும் தளபதியும் ஒருவர். மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. தம் படைகளுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 'வலிய கப்பித்தான்' என்று போற்றப்பெற்ற அவர் 1777இல் மறைந்தார். தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் உள்ள அவரது கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பகைவராய் வந்தவருக்கு நம் மொழியில் நினைவெழுத்து அமைந்தது எண்ணி மகிழத்தக்கது.

1956 நவம்பர் 1ஆம் நாள், மொழிவழி மாநில அமைப்பின்போது, குளச்சலை உள்ளடக்கிய கல்குளம் தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. போர்க்களமும், வெற்றித்தூணும், உதயகிரிக் கோட்டையும் இன்று தமிழ்நாட்டில் உள்ளன. திருவிதாங்கூர் அரசின் பழைய ஓலைகளோ திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டன.

அந்நகரில், பத்மநாபசுவாமி கோயிலை அடுத்த கோட்டைப் பகுதியில், கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகம் உள்ளது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அதன் எட்டுப் பகுதிகளுள் ஒன்று போரையும் அமைதியையும் பற்றியது. குளச்சல் போரின் செய்தி கூறும் ஓலைகளை அங்கே காணலாம். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் எனப் பலவகை எழுத்துகளில் அமைந்த சுவடிகள் அக்காப்பகத்தில் உள்ளன. கோயில் நிர்வாகம் பற்றிய மதிலகம் ஆவணங்களும் அவற்றுள் அடங்கும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஒன்று தோன்றுகிறது. தூண் வெற்றியை மட்டுமே அறிவிக்கிறது. கல்லறை ஒருவரை மட்டுமே நினைவூட்டுகிறது. ஆவணக் காப்பகத்திலோ போர்ச்செய்தி நிலவரி, நிர்வாகம், மருத்துவம், கலை ஆகியவற்றைப் பற்றிய ஓலைகளோடு அருகருகே இருக்கிறது. போரிட்ட நாடு எவ்வாறு வாழ்ந்தது என்பதை அவ்வண்டை ஓலைகளே கூறும். அவ்வெழுத்துகளைப் படிக்க வல்லோர் குறைந்துவிட்டால், ஓலை அழியாதிருந்தும் செய்தி அழிந்துவிடும். ஆகவே, ஏட்டைக் காப்பதோடு, அதனைப் படிக்கும் பயிற்சியையும் காத்தல் வேண்டும்.

திருவனந்தபுரம் செல்லும் அன்பர்கள் கோயில் தரிசனத்திற்குப் பின் ஒரு மணி நேரம் அவ்வோலைகளையும் கண்டு வருவார்களாக. ஊர் திரும்பும் வழியில் குளச்சற் கடற்கரையில் நின்றால், படித்த செய்தி கண்முன் விரியும்.