மின்சார வண்டியும் எளிய மக்களும்

மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டி இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறு வேறு கூறுகிறது. பெட்ரோல் வண்டி உலகெங்கும் பரவுமுன்பே மின் வண்டி ஓடிற்று, மக்களின் பாராட்டையும் பெற்றது, பின்னர் மறைந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து மீண்டும் வந்திருக்கிறது. சாதாரண வருவாயுள்ள குடும்பம் மின் வண்டி வாங்குவது தகுமா என்று இன்று எழும் வினா, அன்றே அமெரிக்க நாட்டில் எழுந்த வினாவாகும். அன்று கிடைத்த விடையை ஆராய்வது இன்றைக்கும் பயன் தரும்.

தோற்றமும் புகழும்

மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க ஈய மின்கலத்தை 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்தார். 1881இல் காமிய் போர் என்பார் அதனைச் செம்மைப்படுத்தினார். அதே ஆண்டில் குஸ்தாவ் துரூவே என்பவர் பாரிஸ் வீதியில் மின்சார முச்சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1899இல் பெல்ஜிய நாட்டவரான காமிய் ஜெனாட்சி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். சாலை வண்டிகளுள் அவ்வேகத்தை முதன்முதல் கடந்தது மின் வண்டியே.

1900ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட 4,192 வண்டிகளுள் நீராவி வண்டிகள் 1,681. மின் வண்டிகள் 1,575. பெட்ரோல் வண்டிகளோ 936 மட்டுமே.

இதற்குக் காரணம் உண்டு. அந்நாளைய பெட்ரோல் வண்டியை ஓட்டப் புறப்படுமுன் அதன் முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி வலிந்து சுழற்ற வேண்டும். கைப்பிடி திடீரென எதிர்த்துத் திரும்பினால் கை முறியும். மேலும் புகை, நாற்றம், இரைச்சல். மின் வண்டியில் இத்தொல்லை எதுவுமில்லை. ஏறி அமர்ந்து விசையைத் திருப்பினால் போதும். பெட்ரோல் வண்டிகளைச் செய்து பெரும்புகழ் பெற்ற ஹென்றி போர்டின் மனைவியார் கிளாராவே 1914இல் செய்யப்பட்ட டெட்ராய்ட் எலெக்ட்ரிக் வண்டியை ஓட்டி வந்தார் எனின், அதன் எளிமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வீழ்ச்சியின் காரணங்கள்

இத்துணைச் சிறப்புடைய வண்டி ஏன் தோற்றது? மின்கலம் வலுவற்றது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. அது ஓரளவே உண்மை. நகரத்துக்குள் கடைக்கும் அலுவலகத்துக்கும் சென்று திரும்ப அக்காலத்து மின்கலமே போதுமானதாக இருந்தது. வேறு மூன்று காரணங்களையும் கருத வேண்டும்.

முதலாவது, விலை. 1912இல் மின் வண்டி ஒன்று 1,750 அமெரிக்க வெள்ளிக்கு விற்றபோது, பெட்ரோல் வண்டியை 650 வெள்ளிக்கு வாங்க முடிந்தது. 1908இல் 850 வெள்ளி விலையுடன் வெளிவந்த போர்டின் ‘மாடல் டி’ வண்டி, பெருவாரி உற்பத்தியின் பயனாக ஆண்டுக்கு ஆண்டு மலிந்தது. 1925இல் அதன் மிக எளிய வகை 260 வெள்ளிக்கே கிடைத்தது. மின் வண்டியோ செல்வர் வீட்டு அலங்காரப் பொருளாகவே நின்றுவிட்டது.

இரண்டாவது, மின்சாரம் எட்டாமை. 1920இல்கூட அமெரிக்க வீடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு மின் இணைப்பு இல்லை. 1930களின் நடுப்பகுதியில் பண்ணை வீடுகளுள் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் எட்டியிருந்தது. பெட்ரோலையோ தகரத்தில் அடைத்து எந்தச் சிற்றூருக்கும் கொண்டுபோகலாம். 1901இல் டெக்சாஸ் மாநிலத்து ஸ்பிண்டில்டாப்பில் பெரும் எண்ணெய் ஊற்று பீறிட்ட பின்னர் எண்ணெய்க்கும் பஞ்சமில்லாது போயிற்று.

மூன்றாவது காரணம் வியப்புக்குரியது. 1912ஆம் ஆண்டுக் கெடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த தானியங்கித் தொடக்கி பொருத்தப்பட்டது. கைப்பிடி சுழற்றும் தொல்லை ஒழிந்தது. அந்தத் தொடக்கியோ, ஒரு சிறு மின்கலமும் ஒரு சிறு மின் மோட்டாருமே. மின் வண்டியின் தலையாய நன்மையை மின்சாரமே பெட்ரோல் வண்டிக்கு வழங்கிவிட்டது.

விளைவைக் கணக்கே காட்டும். டெட்ராய்ட் எலெக்ட்ரிக், 1907 முதல் 1939 வரை செய்த வண்டிகள் ஏறத்தாழ 13,000. மாடல் டி வண்டிகளோ, 1908 முதல் 1927 வரையிலான பத்தொன்பது ஆண்டுகளில் ஒன்றரைக் கோடி.

ஹார்ட்போர்டின் முயற்சி

இவ்விடர்களுக்கு மாற்றுத் தேடியவர்களும் இருந்தனர். ஹார்ட்போர்டு நகரத்து மின்சார நிறுவனம் 1924 வரை ஒரு புதிய ஏற்பாட்டை நடத்திற்று. வணிகர் மின்கலம் இல்லாத சரக்கு வண்டியை வாங்குவர். மின்கலம் நிறுவனத்தின் உடைமை. தீர்ந்த கலத்தைக் கொடுத்து நிறைந்த கலத்தைப் பெற்றுக்கொள்வர். மாதக் கட்டணமும், ஓடிய மைலுக்கேற்ற கட்டணமும் செலுத்துவர். அவ்வேற்பாட்டில் வண்டிகள் அறுபது லட்சம் மைலுக்குமேல் ஓடின. விலை, மின்னேற்றம், மின்கலத்தின் தேய்மானம் ஆகிய மூன்று கவலைகளையும் வாங்குபவர் தலையிலிருந்து இறக்கியதே அதன் வெற்றிக்குக் காரணம். ஆனால் அது வழிநிலை தெரிந்த சரக்கு வண்டிகளுக்கே பெரிதும் பொருந்திற்று. எங்கும் செல்ல விரும்பிய குடும்பத்துக்கு அது விடையாகவில்லை.

இன்றைய நிலை

மலாயாவும் சிங்கப்பூரும் மின்சாரப் போக்குவரத்துக்குப் புதியன அல்ல. சிங்கப்பூரில் 1926 முதல் 1962 வரை மின்கம்பி பேருந்துகள் ஓடின. பினாங்கிலும் அவை ஓடியதுண்டு. தலைக்குமேல் கம்பி இருந்ததால் அவற்றுக்கு மின்னேற்றக் கவலை இல்லை. தனியார் வண்டிக்கு அவ்வசதி ஏது?

1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம் நிலைமையை மாற்றியது. அதனை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். 2010ஐ அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அதன் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. எனவே அன்றைய முதற்காரணம் தளர்ந்து வருகிறது. ஒருமுறை மின்னேற்றிச் செல்லும் தொலைவும் பன்மடங்கு கூடிவிட்டது.

இரண்டாம் காரணமோ வேறு வடிவில் நிற்கிறது. வீடுகளில் மின்சாரம் உண்டு. ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் உண்டா? மலேசியாவில் தரை வீட்டில் வாழ்பவர் தம் வாசலிலேயே இரவில் மின்னேற்றலாம். சிங்கப்பூரில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். வண்டி நிற்பதோ பொது நிறுத்துமிடத்தில். 2030க்குள் 60,000 மின்னேற்ற முனைகளை அமைக்க அரசு திட்டம் வகுத்ததும், 2040க்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளை ஒழிக்க இலக்கு வைத்ததும் இத்தேவையை உணர்ந்தே ஆகும்.

ஆகவே, வண்டியின் பளபளப்பைப் பார்க்குமுன் அது இரவில் நிற்குமிடத்தைப் பார்ப்பதே அறிவுடைமை. வீட்டு வாசலில் மின்னேற்றும் வசதியும், நாள்தோறும் அளவான பயணமும் உடையவருக்கு மின் வண்டி தக்கதே. மின்னேற்றத்துக்காக வரிசையில் காத்திருக்க வேண்டியவரும், அடிக்கடி நெடுந்தொலைவு செல்பவரும் சற்றுப் பொறுப்பதில் தவறில்லை. மின் வண்டி அன்று தோற்றதற்குப் பொறி மட்டும் காரணமன்று. பொறிக்கு உணவூட்டும் வசதி எளிய மக்களின் வாசலை எட்டாமையே பெருங்காரணம். இன்றும் வெற்றி அந்த வாசலிலேயே முடிவாகும்.