வேம்பும் பங்கசும்: ஒரு வழக்கின் வரலாறு



தக்காளி மெல்லிய தோலும் மிகுந்த நீரும் உடைய கனி. அதிற் சிறு கீறல் விழுந்தாற் போதும். பங்கசின் வித்திகள் அவ்வழியே புகுந்து, சில நாட்களிற் கூடை முழுவதையும் அழுகச் செய்துவிடும். இவ்வழுகலைத் தடுப்பதற்கு வேப்பிலைப் பொடி முதலிய தாவரப் பொடிகளை நைஜீரியா போன்ற நாடுகளில் ஆராய்ந்திருக்கின்றனர்.

வேம்பின் குணம் நம்மவர்க்குப் புதியதன்று. தானியம் சேமிக்கும் கலங்களிற் காய்ந்த வேப்பிலையை இடுவதும், தோட்டத்து மண்ணில் வேப்பம் பிண்ணாக்கைக் கலப்பதும் பழைய வழக்கங்கள். ஆனால், இவ்வறிவு ஏட்டில் இருந்ததிலும் கமக்காரரின் கைப்பழக்கத்தில் இருந்ததே அதிகம். எழுதி வையாத அறிவு யாருக்கு உரியது? இந்த வினாவே ஐரோப்பாவில் ஒரு வழக்காயிற்று.

ஐக்கிய அமெரிக்கக் கமத்தொழில் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் கம்பனியும் 1990 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பித்தன. வேப்பம் விதையிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெயினாற் பயிரைப் பற்றும் பங்கசைக் கட்டுப்படுத்தும் முறை தமக்கே உரியது என்பது அவற்றின் கோரிக்கை. 1994 செப்டெம்பரில் ஆக்கவுரிமையும் வழங்கப்பட்டது.

மறு ஆண்டு எதிர்ப்பு மனு தாக்கலாயிற்று. மனுதாரர் மூவர்: இந்தியாவின் வந்தனா சிவா, ஐரோப்பியப் பாராளுமன்றத்துப் பசுமைக் கட்சியினரான மக்தா அல்வூட், சேதனக் கமத்தொழில் இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனம்.

விசாரணை 2000 மே மாதம் மியூனிக் நகரில் நடந்தது. தொன்மையைப் புகழ்ந்து பேசினால் மட்டும் அங்கே வழக்கு வெல்லாது. விண்ணப்பத் திகதிக்கு முன்னரே அம்முறை வெளிப்படையாகக் கையாளப்பட்டது என்பதை ஐயமற நிறுவ வேண்டும். 1980களின் நடுப்பகுதியில் மகாராட்டிர விவசாயிகளின் வயல்களிலே வேப்பெண்ணெய்த் தயாரிப்பைத் தெளித்துப் பரீட்சித்த இந்தியத் தொழிலகத்தார் ஒருவர் நேரிற் சென்று சாட்சி கூறினார். அவர் சாட்சியம் ஏற்கப்பட்டது. மே 10 ஆந் திகதி ஆக்கவுரிமை நீக்கப்பட்டது.

ஐரோப்பியச் சட்டம் எந்நாட்டில் நடந்த வெளிப்படையான பயன்பாட்டையும் கணக்கில் எடுக்கும். அமெரிக்கச் சட்டமோ அந்நாளில், பிறநாட்டுப் பயன்பாடு அச்சில் வந்திருந்தாலன்றி அதனைப் பொருட்படுத்தவில்லை. இந்நிலை 2013 இலேயே மாறிற்று. ஆகவே, இதே சாட்சி அங்கே சென்றிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

கம்பனித் தரப்பினர் மேன்முறையீடு செய்தனர். 2005 மார்ச் 8 ஆந் திகதி அதுவும் தள்ளுபடி செய்யப்பட்டது.