சுரங்கக் கிராமத்துச் சிற்றாலயமும் தோட்டத்துப் பிரசங்கியாரும்

சமய நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் குருமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆலயம் நின்ற நிலம் எவருடையது, அதற்குக் கல் சுமந்தவர் எவர், விளக்குக்கு எண்ணெய் வார்க்கக் காசு கொடுத்தவர் எவர் என்ற வினாக்கள் அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை முதன்மையாகக் கொண்டு, இங்கிலாந்தின் சுரங்கக் கிராமங்களில் எழுந்த மெதடிஸ்த சிற்றாலயத்தையும், கித்துல்கல முதலாய சப்பிரகமுவப் பகுதிகளை உள்ளடக்கிய பெருந்தோட்டங்களுக்கு வந்த கிறித்தவத்தையும் ஒருங்கு வைத்து நோக்க முயல்கின்றோம்.

ஜோன் வெஸ்லி 1743இல் முதன்முதலாகக் கோர்ன்வாலுக்குச் சென்றார். ஆங்கிலத் திருச்சபையின் கதவுகள் அவருக்குப் பெரிதும் அடைபட்டிருந்தமையால் வெளியிலேயே பிரசங்கித்தார். தகரம், செம்பு அகழ்வோர் வாழ்ந்த குவெனாப் என்னுமிடத்தில் நிலம் உள்வாங்கியதால் உண்டானதெனக் கருதப்படும் ஒரு பள்ளமே 1762 முதல் அவரது மேடையாயிற்று. சுரங்கமே கோயிலைத் தோண்டிக் கொடுத்தது எனலாம். வடக்கே டேர்ஹம் நிலக்கரிக் கிராமங்களிலோ, 1811இல் உருவாகிய ‘ஆதி மெதடிஸ்தர்’ என்ற பிரிவே வேரூன்றியது. தொழிலாளர் மத்தியிலிருந்து எழுந்த பிரசங்கிகளைக் கொண்ட பிரிவு இது.

இங்கு மனங்கொள்ள வேண்டியது இறையியலன்று, அமைப்பு முறையாகும். சபையார் சிறு சிறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு வகுப்புக்கும் அவர்களுள் ஒருவரே தலைவர். வாரந்தோறும் கூடுதல், சிறு காசு செலுத்துதல், காலாண்டுக்கொருமுறை உறுப்பினர் சீட்டுப் பெறுதல் என்பன ஒழுங்காக நடைபெற்றன. பகலில் நிலக்கரி வெட்டியவன் ஞாயிறன்று எழுந்து நின்று பேசப் பழகினான்; வரவு செலவுக் கணக்கு வைக்கப் பழகினான். 1831இல் வட பகுதிச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய தோமஸ் ஹெப்பர்ன் ஓர் ஆதி மெதடிஸ்தர். சாசன இயக்கத்தினர் தம் அமைப்புக்கு வகுப்புமுறையை அப்படியே கடன் வாங்கினர். 1919இல் டேர்ஹம் மாவட்ட சபையின் தொழிற்கட்சித் தலைவராகிய பீற்றர் லீயும் இம்மரபில் வந்த சுரங்கத் தொழிலாளியே.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. மெதடிசமே இங்கிலாந்தைப் புரட்சியினின்று தடுத்தது என்றார் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலேவி. ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய 1963ஆம் ஆண்டு நூலில் ஈ. பி. தொம்சன், அது தொழிற்சாலை ஒழுக்கத்தை மனத்தினுள்ளே புகுத்திய சமயம் என்று கடுமையாகவே சாடினார். டேர்ஹமின் ஒரு பள்ளத்தாக்கை ஆராய்ந்து 1974இல் நூல் வெளியிட்ட றொபேட் மூர், சிற்றாலயம் தலைவர்களை உருவாக்கியது உண்மையே, ஆனால் அத்தலைவர்கள் முதலாளியுடன் இணக்கம் நாடும் லிபரல் அரசியலில் நின்றனர் என்று காட்டினார். எமது கருத்தில், தொம்சன் போதனையை ஆழமாகக் கண்ட அளவுக்குப் பயிற்சியைக் காணவில்லை. அடங்கிப்போ என்று போதித்த அதே கூடம்தான் கூட்டம் நடத்தவும் கற்பித்தது.

தமிழருள் இதற்கு ஈடு காண விழைவோர் கோலார் தங்கவயலுக்குச் செல்ல வேண்டும். 1880இல் ஜோன் ரெயிலர் கம்பனி அங்கு வந்தபோது கோர்ன்வால் சுரங்கத் தொழிலாளரும் உடன் வந்தனர். நிலத்தடியில் உழைத்தோருள் மிகப் பலர் வட ஆற்காட்டுப் பகுதியின் ஒடுக்கப்பட்ட சாதியினரான தமிழர். இவர்களிடையே சிற்றாலயத்தின் பணியை ஆற்றியது, வியப்பாயினும், பௌத்தமாகும். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் தழைத்தது. 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகையைத் தங்கவயல் தொழிலாளர் வாசித்தனர். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டுவிட்டன.

சப்பிரகமுவவிலும் அகழ்வுண்டு: இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளும் கேகாலையின் போகலைக் காரீயச் சுரங்கமும் அறியப்பட்டவை. ஆயின் இங்குள்ள தமிழ்த் தொழிலாளி தேயிலையிலும் இறப்பரிலும் கட்டுண்டவன். அவனிடம் கிறித்தவம் வந்த வழி வேறு. 1854இல் துரைமார் சிலரின் முயற்சியோடும் பணத்தோடும் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கிற்று, பெயரே போதும். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வருவிக்கப்பட்டனர். அவர்கள் தனிப்பட்ட முறையில் நல்லவராயிருந்திருக்கலாம்; எனினும் அவர்தம் ஊதியத்தில் துரையின் சந்தா கலந்திருந்தது. கூட்டம் நடந்த நிலமும் தொழிலாளி உறங்கிய லயமும் தோட்டத்துக்குரியன. கங்காணி கொடுத்த கடன் ‘துண்டு’ முறையாக 1921 வரை அவன் கழுத்தில் தொங்கியது. இந்நிலையில் வகுப்புத் தலைவன் எங்ஙனம் தோன்றுவான்?

மெதடிஸ்தம் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1814இலேயே அதன் மிஷனரிமார் காலியில் வந்திறங்கினர். யாழ்ப்பாணத்தில் அவர்கள் கல்லூரி நடத்தினர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் துணைநின்றார். பின்னர் அம்முறைகளையே சைவத்துக்குப் பயன்படுத்தி எதிர்த்து நின்றார். எதிர்ப்பதற்கும் ஒரு சமூகத் தளம் வேண்டும். நிலமும் கல்வியும் உடையோரிடம் அது இருந்தது, தோட்டத்தில் இல்லை.

தோட்டத்து மக்கள் தாமே பேணிய கூட்டுவாழ்வு காமன் கூத்திலும் மாரியம்மன் திருவிழாவிலும் நிலைத்தது. தொழிற்சங்கப் பாட்டோ வெளியிலிருந்து வந்தது. 1931இல் சங்கம் அமைத்த நடேசய்யரின் கூட்டங்களில் மீனாட்சியம்மாள் பாடினார். பிரார்த்தனைக் கூடம் கொடுக்காத குரலை அப்பாடல்கள் கொடுத்தன. களனிப் பள்ளத்தாக்கில், 1934–35 மலேரியாக் காலத்தில் பணி செய்த என். எம். பெரேரா 1936இல் றுவான்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அவரது சமசமாஜக் கட்சி எதிர்த்தது. 1964இல் அதே கட்சி பங்குகொண்ட அரசே சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்து அம்மக்களைப் பங்கிட்டது.

சமயத்தின் பக்கம் வேறொரு முயற்சி பின்னரே வந்தது. 1972இல் இயேசு சபையின் போல் கஸ்பர்ஸ் கண்டியில் ‘சத்யோதய’ அமைப்பைத் தொடங்கித் தோட்ட மக்களின் உரிமையைப் பேசினார். ஆயின் தோட்டத்தில் இன்னொன்று மாறவில்லை. டேர்ஹம் வகுப்புத் தலைவன் வாரக் காசைக் கையால் வாங்கினான்; கொடுத்தவனின் முகம் அவனுக்குத் தெரியும். தோட்டத் தொழிற்சங்கங்களின் சந்தாவையோ தோட்ட நிருவாகமே சம்பளத்தில் கழித்துச் சங்கத் தலைமையகத்துக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. உபதேசியாரின் ஊதியமும் ஒருகாலத்தில் அதே காரியாலயத்தின் வழியாகத்தான் வந்தது.